பழைய சுழல்மேடையும் புதிய முள்ளும்

எங்கள் வீட்டிலே அண்மையில் ஒரு வழக்கு நடந்தது. வழக்காளி என் தமக்கையின் மகன்; எதிராளி வாய்பேசா இயந்திரம் ஒன்று; நீதிபதி, ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான். என் தந்தையார் விட்டுச்சென்ற 'கரார்ட் 301' என்னும் இசைத்தட்டுச் சுழல்மேடையைத் திருத்தி மேம்படுத்துவதா, அன்றி அதனை அகற்றிவிட்டுப் புதியதொன்றை வாங்குவதா என்பதே வழக்கு. சிறிய விடயந்தானே என்று வாசகர்கள் எண்ணலாம். நானும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினேன்.

தந்தையார் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். தம் நாடு திரும்பிய மேல்நாட்டுப் பொறியியலாளர் ஒருவரிடம் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து இக்கருவியை வாங்கினார் என்று அம்மா குறைகூறுவதைச் சிறுவயதிற் பலமுறை கேட்டிருக்கின்றேன். இங்கிலாந்தின் சுவிண்டன் நகரிலே செய்யப்பட்டு, 1954 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த வகை அது. ஒலிபரப்பு நிலையங்களிலும் உழைத்த கருவி. அதன் அமைப்பு எளியது. மோட்டாரின் கப்பி ஒரு சிறு றப்பர்ச் சில்லைச் சுழற்றும்; அச்சில்லு, ஏறத்தாழ மூன்று கிலோ நிறையுள்ள தட்டின் உள்விளிம்பைத் தொட்டு அதனைச் சுழற்றும். மயிலிட்டியில் எங்கள் முற்றத்துக்கு மாலைவேளைகளிற் கடற்காற்றும் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் ஒருங்கே வரும்.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. தந்தையார் சுழல்மேடையைப் போர்வையிற் சுற்றித் தமது சைக்கிளின் கரியரிலே கட்டினார். இசைத்தட்டுக்கள் நிறைந்த றங்குப் பெட்டி என் சைக்கிளில் ஏறிற்று. சமையற் பாத்திரங்கள் பின்தங்கிவிட்டன. அதற்காக அம்மா அவரை இறுதிவரை மன்னிக்கவில்லை. அவ்வாறு கொண்டுசென்ற பொருளும் பாடவில்லை. குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போன காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னிலே வானொலி கேட்டோம். அந்தச் சிறு மின்னுக்கு இந்த மோட்டார் அசையாது. அதற்கு 230 வோற்று ஆடலோட்ட மின்சாரம் வேண்டும். மீண்டும் ஒரு தட்டையேனும் கேளாமலே தந்தையார் இடம்பெயர்ந்த ஊரிற் காலமானார்.

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய சிறு நிலப்பரப்பும் மக்களிடம் மீண்டன. மறுவருடம் எங்கள் வளவும் கிடைத்தது. கூரையற்ற சுவர்களும் பற்றைமூடிய கிணறுமே எஞ்சியிருந்தன. வீட்டைக் கட்டி முடித்தபின் சுழல்மேடையை எடுத்து, ஒலிபெருக்கியொன்றுடன் இணைத்து, மின்சாரத்தைச் செலுத்தினோம். தட்டுச் சுழன்றது. ஆனால் நாதஸ்வரத்துக்குக் கீழே, தூரத்தில் லொறி ஓடுவது போன்றதோர் உறுமல். முள்ளைத் தாங்கும் கையிலே இறுக்கம். அதன் கம்பிகளிற் பச்சைக் களிம்பு.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மருமகன் உடனே தன் வாதத்தைத் தொடங்கினான்: "மாமா, இதுக்கு இனிக் காசு செலவழிக்கிறது வீண். நான் புதுசா ஒண்டு வாங்கித் தாறன்."

அவன் வாதத்தை நான் இகழமாட்டேன். றப்பர்ச் சில்லு மோட்டாரின் அதிர்வையும் தட்டுக்குக் கடத்திவிடும் என்பது உண்மை. 1965 இல் வந்த தொரென்ஸ் டி.டி. 150, 1970 களின் தொடக்கத்திலே ஸ்கொத்லாந்தில் தோன்றிய லின் சொண்டெக் முதலியவை றப்பர்ப் பட்டியினால் தட்டைச் சுழற்றி அவ்வதிர்வைக் குறைத்தன. யப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனமோ மோட்டாரின் அச்சையே தட்டின் அச்சாக்கிற்று. இவை முன்னேற்றங்களே. எம்மிடம் நீண்டநேர இசைத்தட்டுக்கள் மட்டும் இருந்திருந்தால் நான் அன்றே சம்மதித்திருப்பேன்.

ஆனால் றங்குப் பெட்டி வேறு சாட்சி சொல்லிற்று. அதிலிருந்தவற்றுட் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுக்கள். 1948 இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று நீண்டநேரத் தட்டை வெளியிட்டபின் மேல்நாடுகள் இவற்றைப் படிப்படியாகக் கைவிட்டன. இந்தியாவிலோ 1960 களிலும் இவை வெளிவந்தன. நம்மவர் கேட்டு மகிழ்ந்த பழைய நாதஸ்வரமும் நாடகப் பாட்டும் இவற்றிலேதான் உறைகின்றன. மருமகன் காட்டிய புதிய கருவிகளிற் பெரும்பாலானவற்றுக்கு 33⅓, 45 ஆகிய இரண்டு வேகங்களே உண்டு. முள்ளும் பொருந்தாது. நீண்டநேரத் தட்டுக்குரிய முள்ளின் நுனி ஏறத்தாழ 25 மைக்குரோன் ஆரையுடையது, அல்லது அதனினும் சிறியது. அரக்குத் தட்டின் அகன்ற பள்ளத்துக்கு 70 மைக்குரோன் அளவிலான முள் வேண்டும். சிறிய முள் பள்ளத்தின் அடியிற் கிடந்து இரைச்சலையே பொறுக்கும். புதிய கருவி வந்தாற் பெட்டி ஊமையாகிவிடும்.

எனினும், தந்தையார் மீதுள்ள பாசமே என்னை இவ்வாறு வாதிடச் செய்கின்றதோ என்ற ஐயமும் எழுந்தது. அவ்வையத்தோடு ஒருநாட் காலை துறையடிக்குச் சென்றேன். அயலவரான முதிய கடற்றொழிலாளி ஒருவர் தம் மரவள்ளத்தின் பலகையொன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அண்ணை, இதை விட்டிட்டுப் பைபர் வள்ளம் ஒண்டு வாங்கலாமே?" என்றேன்.

"வாங்கலாம் மாஸ்ரர். ஆனால் பலகை போனால் பலகையை மாத்துவம்; அடிமரம் போனால்தான் வள்ளத்தை விடுறது. முதல்லை அடிமரத்தைத் தட்டிப் பாக்கோணும்."

வீட்டுக்கு வந்ததும் றப்பர்ச் சில்லைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டைக் கையாற் சுழற்றினேன். ஓசையின்றி நெடுநேரம் சுழன்றது. அச்சைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன், ஆட்டமில்லை. சில்லில்லாமல் மோட்டாரைத் தனியே ஓடவிட்டேன், உறுமல் இல்லை. அடிமரம் பழுதுபடவில்லை. ஆண்டுக்கணக்காக ஓடாது கிடந்து கல்லாய் இறுகிய றப்பரே குற்றவாளி.

தீர்ப்பு எளிதாயிற்று. அச்சும் தட்டும் மோட்டாரும் இருக்கட்டும். தேய்வனவும் இறுகுவனவும் போகட்டும். புதிய சில்லு வந்தது. அச்சுக் குழியைத் துடைத்துப் புதிய எண்ணெய் இட்டோம். பழைய கை பயன்படாதென்று மருமகன் கூறியது சரியே. அதனை நீக்கி, தலையைக் கழற்றி மாற்றத்தக்க புதிய கை ஒன்றைப் பொருத்தினோம். நீண்டநேரத் தட்டுக்கு ஒரு தலை, அரக்குத் தட்டுக்கு ஒரு தலை. உதிரிப்பாகங்கள் கிடைக்குமோ என்ற அச்சமும் வீணாயிற்று. 2018 இல் இங்கிலாந்தின் எஸ்.எம்.ஈ. நிறுவனம் கரார்ட் என்ற பெயரையே வாங்கி, பழைய 301 களைப் புதுப்பிக்கும் பணியில் இறங்கியதென்றால், இக்கருவியை நாடுவோர் நான் ஒருவன் மட்டுமல்லேன் என்பது தெளிவு. அச்சு ஆடியிருந்தால் மருமகன் பக்கமே தீர்ப்புச் சென்றிருக்கும். விலையுயர்ந்தது என்பதற்காகவோ தந்தையாருடையது என்பதற்காகவோ ஒரு பொருளைக் காப்பது நியாயமன்று. அது இன்னும் செய்யவல்ல பணி ஒன்று இருத்தல் வேண்டும்.

அன்றிரவு தோடியை வைத்தோம். உறுமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்' ஒலி. அந்தத் தட்டிலுள்ள கீறல், இடம்பெயர்ந்த நாளில் றங்குப் பெட்டிக்குள் விழுந்தது. எந்தப் புதிய முள்ளாலும் அது மறையாது. முற்றத்தில் மறுபடியும் கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது.

மூன்று நிமிடங்களிலே தட்டு முடிந்தது. மருமகன் சிறிதுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "மாமா, மற்றப் பக்கத்தையும் போடுங்கோ" என்றான்.

வழக்கு அத்துடன் முடிந்தது.