பட்டைச் சாயமும் இறால் கோதும்

பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் மீன்பிடிப்பில் பாதி வேலை கரையிலேதான் நடந்தது. கண்டல் மரத்துப் பட்டையை இடித்து, பெரிய பானையில் போட்டுக் காய்ச்சுவார்கள். சாறு கறுத்துச் சிவந்ததும் வலையை அதில் ஊறப்போட்டு வெயிலில் விரிப்பார்கள். சில கிழமைகளில் சாயம் வெளிறிவிடும். திரும்பவும் காய்ச்ச வேண்டும். நூலைத் தின்னும் பூஞ்சணத்தையும் பக்ரீரியாவையும் பட்டையிலுள்ள தனின் தடுத்தது. மரத்தோணிக்கு மீன் எண்ணெயும் குங்கிலியமும் காவல். பொருள் எதுவானாலும் அதன் மேற்பரப்பே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது அன்றைய மீனவருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது.

1935இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் நைலோனை உருவாக்கினார். அது வலையாகி நம் கரைக்கும் வந்தது, பட்டைப் பானை அடுப்பைவிட்டு இறங்கியது. மரத்தோணியின் இடத்தைப் பெரும்பாலும் பைபர் கிளாஸ் படகு பிடித்துக்கொண்டது. கண்ணாடி இழையும் றெசினும் சேர்ந்த அந்த உடலுக்கு மேலே பூசப்படுவதும் நைலோனைப் போல ஒரு பல்பகுதியம் (பொலிமர்) தான். உழைப்பு குறைந்தது, அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் வலை உக்கிவிடுமே என்று அன்று பயந்தார்கள். இன்று உக்காமல் கிடப்பதுதான் துன்பம். அறுந்து தண்ணீருக்குள் போன, ஒற்றை நைலோன் இழையாலான தங்கூசி வலை ஆண்டுக்கணக்கில் மீனையும் நண்டையும் கொன்றுகொண்டேயிருக்கும். அதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது, ஆனாலும் தங்கூசி ஒழிந்தபாடில்லை.

மேற்பரப்பைப் பற்றிய இதே கேள்வியை இன்று மருத்துவமும் கேட்கிறது. உடலுக்குள் வைக்கும் குழாயோ வால்வோ இரத்தத்தைத் தொட்ட சில விநாடிகளிலேயே அதன்மேல் புரதங்கள் படிந்துவிடுகின்றன. பின்னால் இரத்தச் சிறுதட்டுகள் ஒட்டி உறைவு தொடங்கலாம். பக்ரீரியா குடியேறிப் படலம் கட்டிவிட்டால் மருந்து உள்ளே புகுவதே கடினம். ஆகவே உயிர்ப்பொருள் ஆய்வாளர் முழுக் குழாயையும் மாற்றாமல், மயிரிழையை விட மெல்லிய அதன் மேற்பூச்சோடு போராடுகிறார்.

அந்த மேற்பூச்சுக்கு உதவும் பொருள்களில் ஒன்று நம் குசினியிலேயே கழிவாகக் கிடக்கிறது. இறால் கோதிலும் நண்டு ஓட்டிலும் கைற்றின் என்ற இயற்கைப் பல்பகுதியம் உண்டு. உலர்ந்த கோதில் அது 15 முதல் 40 வீதம் வரை இருக்கும். ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு போகும். எரிசோடாக் கரைசலில் புரதம் போகும். எஞ்சும் கைற்றினை மிகச் செறிந்த எரிசோடாவில் சூடாக்கினால் கைற்றோசன் கிடைக்கும். அது வினாகிரி போன்ற மென்னமிலத்தில் கரையும், உலர்ந்தால் படலமாகும். அமிலக் கரைசலில் அதற்கு நேர் மின்னேற்றம். பக்ரீரியாவின் வெளிச்சுவரோ எதிர் மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டும்போது சுவர் குலைந்துபோகிறது. செங்குருதிக் கலங்களும் இப்படியே அதன்மேல் ஒட்டித் திரள்கின்றன; குழாயில் தொல்லையான அந்த ஒட்டல் காயத்தில் இரத்தப்போக்கை நிறுத்துகிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்கப் படையினர் கைற்றோசன் கட்டுத்துணியைக் காயங்களில் வைத்தார்கள். மாம்பழத்தில் மெல்லிதாகப் பூசினால் நீரிழப்பு குறைந்து, பழம் பழுப்பதும் பிந்தும்.

இனி கிழக்கிலங்கையின் வந்தாறுமூலைக்கு வருவோம். தெற்கே மட்டக்களப்பு வாவி, வடக்கே வாழைச்சேனை வாவி. இரண்டிலும் இறால் படுகிறது. 1981 ஓகஸ்ட் 1 அன்று இங்கே மகாவித்தியாலய வளவில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. முதலில் வைத்த பாடங்கள் விஞ்ஞானமும் விவசாயமும். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. ஆய்வுகூடம் வேர்விட வேண்டிய காலத்தில் போர் வந்தது. 1990இல் வளாகமே அகதிமுகாம் ஆனது. செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், இந்தியாவின் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையத்தில், இருதய சத்திரசிகிச்சை நிபுணர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இருதய வால்வு முதல்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன் மூன்று மாதிரிகள் தோற்றிருந்தன. வால்வைத் திறந்து மூடும் தட்டைச் செயற்கை நீலக்கல்லில் செய்ததும் சரிவரவில்லை. நான்காவதில் அவர்கள் தட்டுக்கு எடுத்தது மிக உயர்ந்த மூலக்கூற்று நிறையுள்ள பொலித்தீனை. கடைப் பைக்கு உறவான பொருள்தான், ஆனால் கோடிக்கணக்கான துடிப்புகளுக்குத் தேயாமல் நிற்கிறது. இந்த இரண்டு செய்திகளையும் ஒரே ஆண்டில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. அறிவில் நாம் குறைந்தவர்கள் அல்லர். ஒரே மேசையில் மூன்று முறை தோற்று நான்காம் முறை முயல்வதற்கான அமைதியான ஆண்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை.

இன்று அந்த ஆண்டுகள் கிடைத்திருக்கின்றன. கைற்றோசனுக்கு வேண்டிய அமிலமும் எரிசோடாவும் எந்த இரசாயனவியல் ஆய்வுகூடத்திலும் உண்டு. கோதை மீன்சந்தையில் இலவசமாகவே அள்ளலாம். அமிலமும் காரமும் கலந்த கழிவுநீரை வாவியில் விடாமல் நடுநிலையாக்கும் பொறுப்பும் கூடவே வரும், அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வந்தாறுமூலையில் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளே, பட்டை காய்ச்சிய கடைசித் தலைமுறை இன்னும் நம் கரைகளில் இருக்கிறது. ஆய்வைத் தொடங்குமுன் அவர்களிடம் ஒருமுறை போய்ப் பேசுங்கள். எந்தப் பட்டை, எத்தனை முறை, எவ்வளவு வெயில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.