சீற்றொலியும் ஒலிவாங்கியின் சாய்வும்

நாவின் முன்பகுதி மேற்பல்லின் ஈறை நெருங்க, எஞ்சிய சிறு வழியே பீறிடும் காற்று பல்முனையில் மோதிச் சுழலும்போது பிறப்பது சீற்றொலி. குரல்நாண்களின் சீரான அதிர்விலிருந்து எழும் உயிரொலிகளைப் போலன்றி, இது காற்றுச் சுழிப்பின் ஒலி; இதன் ஆற்றல் பெரும்பாலும் நொடிக்கு 5,000 முதல் 8,000 அதிர்வுகள் வரை குவிந்துள்ளது. தொல்காப்பியர் நடுநாவையும் நடு அண்ணத்தையும் சகரத்தின் பிறப்பிடமாக வகுத்தார். ‘பச்சை’ என்னும் சொல்லில் இரட்டித்த சகரம் இன்றும் வல்லின இயல்பைக் காக்கிறது. ‘இசை’ என்னும் சொல்லிலோ உரசொலியாய் நெகிழ்கிறது. பாடற்பதிவில் செவியைக் கீறுவது அந்த நெகிழ்ந்த சகரமே.

நேரில் கேட்கையில் உறுத்தாத ஒலி பதிவில் உறுத்துவது ஏன்? கேட்போர் தொலைவில் இருக்க, ஒலிவாங்கியோ வாய்க்கு ஒரு சாண் அளவில் நிற்கிறது. மேலும், மின்தேக்கி ஒலிவாங்கிகள் பல, சொல் தெளிவுக்காகச் சீற்றொலியின் அதிர்வெல்லையைச் சற்று உயர்த்தியே வாங்குமாறு அமைந்தவை.

இதற்குரிய முதல் தீர்வு அலைநீளத்தில் அடங்கியிருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், 200 அதிர்வுடைய குரலின் அலைநீளம் 1.7 மீட்டர், 7,000 அதிர்வுடைய சீற்றொலியின் அலைநீளமோ 5 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. ஒலியை ஏற்கும் உறுப்பை அதிர்தகடு என்போம். பெரிய ஒலிவாங்கிகளில் அதன் குறுக்களவு 2.5 செ.மீ. அளவினது. அலை சாய்வாக வந்து விழுமாயின், தகட்டின் ஒரு விளிம்பை முன்னும் மறுவிளிம்பைப் பின்னுமாக அடைகிறது. நெட்டலைக்கு அவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று, குற்றலையோ தன்னைத்தானே ஓரளவு தணித்துக்கொள்கிறது. வாயிலிருந்து சீற்றொலி நேர்முன்னே குவிந்து பாய்வதும் இதற்குத் துணைநிற்கிறது. ஆகவே, ஒலிவாங்கியைப் பதினைந்து, இருபது பாகை திருப்பினாலோ வாய்மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்தினாலோ குரலின் செறிவு பெரிதும் குன்றாமல் சீற்றம் குறைகிறது. இதே நோக்கில், ஒலிவாங்கியின் நடுவே ஒரு கரிக்கோலை நிமிர்த்திக் கட்டும் பழைய வழக்கமும் உண்டு. முன்னே நிறுத்தும் வலைத்திரை பகரத்தின் காற்றுவெடிப்பைத் தடுக்குமேயன்றிச் சீற்றொலியைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவது பிழை. இயங்குசுருள் ஒலிவாங்கியும் நாடா ஒலிவாங்கியும் உயரதிர்வுகளை மென்மையாக வாங்குவதால், சீற்றம் மிக்க குரலுக்குப் பெரும்பாலும் அவை பொருந்தும்.

பதிவுக்குப் பின் உதவுவது சீற்றொலித் தணிப்பி. அது குறித்த அதிர்வெல்லையை மட்டும் கண்காணித்து, வரம்பு மீறும் நொடியில் மட்டும் ஒலியைத் தாழ்த்துகிறது. அளவு கடந்து தணித்தால் ‘இசை’ என்று பாடியது ‘இதை’ என்று மழலையாய்க் கேட்கும். ஆதலால், தணிப்பியை நாடுமுன் பாடுநரை ‘இசை’ என்னும் சொல்லையே பலமுறை பாடச்செய்து, ஒவ்வொரு முறையும் ஒலிவாங்கியைச் சிறிது திருப்பிக் கேளுங்கள்; பொருந்தும் இடத்தை உங்கள் செவியே காட்டும்.