தேக்குத் தோப்பில் சருகைக் கூட்டலாமா?

தேக்குத் தோப்பு ஒன்று நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறோம். மரம் கோணலில்லாமல் போயிருக்கிறதா, சுற்றளவு எத்தனை அங்குலம், பூச்சி அரித்த இலை தெரிகிறதா என்று பார்ப்பதோடு சோதனை முடிந்துவிடும். காலடியில் நொறுங்கும் சருகு இந்தக் கணக்கில் வருவதே இல்லை. வந்தாலும் குப்பை என்ற தலைப்பில்தான் வரும்: கூட்டி ஒதுக்க வேண்டியது, நெருப்பு பிடிக்குமுன் நாமே கொளுத்திவிட வேண்டியது. ஒரு தோட்டத்தில் எத்தனை வகை உயிர்கள் தங்கும் என்பதை நட்ட மரம் எது என்பது பாதிதான் தீர்மானிக்கிறது; விழுந்த இலையை நாம் என்ன செய்கிறோம் என்பதும் அதே அளவு தீர்மானிக்கிறது. இதற்குச் சாட்சி சொல்ல நான் அழைப்பது தரைச் சிலந்திகளை.

சிலந்தி என்றதும் நமக்கு வலை நினைவுக்கு வரும். ஆனால் 2022இல் அறிவியல் பெயரிட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 50,000ஐத் தொட்டது; அவற்றில் பெரும் பங்கு பொறிவலை பின்னாமலே இரை பிடிப்பவை. சருகுக்குள் நடமாடுபவை பெரும்பாலும் இந்த வகைதான். ஓநாய்ச் சிலந்தி ஓடிப் பிடிக்கும். முட்டைப் பையைப் பின்முனையில் ஒட்டிக்கொண்டே திரியும். குஞ்சுகள் வெளிவந்ததும் அவற்றை முதுகில் சுமக்கும். நம் ஊர் வரப்புகளில் பனி படிந்த காலையில் புனல்போலத் தெரியும் வலைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹிப்பாசாவின் வேலைதான். குடும்பத்து வழக்கத்துக்கு அது ஒரு விலக்கு. நாஃபோசிடே குடும்பத்துத் தரைச் சிலந்திகள் இரவில் வேட்டையாடி, பகலில் சுருண்ட சருகுக்குள் மெல்லிய பட்டுப் பை பின்னி உள்ளே ஒடுங்கிக் கிடக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், உடலின் பின்முனையில் இரண்டு நூற்குழல்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்பது தெரியும். இந்தக் குடும்பத்துக்கு அதுதான் அடையாளம். ஊனோபிடே குடும்பத்தார் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது. எறும்பையே முக்கிய உணவாகக் கொண்ட வேறு சிலந்திகளும் உண்டு.

இத்தனை பேரும் ஒரே தரையில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதற்கான விடை சருகின் கட்டமைப்பில் இருக்கிறது. தேக்கிலை பெரியது, சொரசொரப்பானது. காய்ந்ததும் ஓரம் சுருண்டு, ஒன்றின்மேல் ஒன்று படியாமல் இடைவெளி விட்டுக் கிடக்கும். மேல் அடுக்கில் வெயிலும் காற்றும். சற்றுக் கீழே மங்கலும் ஈரமும். அதற்கும் அடியில், பாதி மக்கிய இலை நரம்புகளில் பூஞ்சை படர, அதைத் தின்னக் கொலம்போலா என்னும் துள்ளும் சிற்றுயிர்கள் கூடும். சவுக்கு வேறு மாதிரி: ஊசிபோன்ற சருகு பாய்போல இறுகிப் படியும். 1970களில் அமெரிக்க இலையுதிர் காடுகளில் ஜார்ஜ் யூட்ஸ் சருகின் ஆழத்தையும் சிலந்தி வகைகளையும் சேர்த்து ஆராய்ந்தார். ஆழம் கூடக்கூட வகைகள் கூடின. அதைவிட முக்கியம், ஆள் மாறியது: மெல்லிய சருகில் ஓநாய்ச் சிலந்திகள் ஆதிக்கம் செலுத்தின, ஆழமான சருகில் நாஃபோசிடே தரைச் சிலந்திகளும் நண்டுச் சிலந்திகளும் பெருகின. குளிர்நாட்டுக் காட்டின் முடிவை ஆனைமலைத் தேக்குக்கு அப்படியே பொருத்த முடியாது. நம்மூரில் மழையும் கரையானும் சருகை மிக வேகமாகத் தீர்த்துவிடும். ஆனால் ஓடிப் பிடிப்பவனுக்கு வெளி வேண்டும், ஒளிந்திருப்பவனுக்கு இடுக்கு வேண்டும் என்ற அடிப்படை நாட்டுக்கு நாடு மாறுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். ஒற்றை மரத் தோட்டம் காடாகிவிடாது. அங்கே நாலு சிலந்தி இருப்பதைப் பெரிதுபடுத்துவது தோட்டத்துக்குப் பச்சை முலாம் பூசும் வேலை என்பார்கள். முதல் பாதியை மறுப்பதற்கில்லை. 1840களில் நிலம்பூரில் தொடங்கிய தேக்குத் தோட்டங்கள் முதல் டாப்சிலிப்பில் வன அதிகாரி ஹியூகோ வுட் உருவாக்கியவை வரை, எதுவுமே தான் அகற்றிய காட்டுக்கு ஈடல்ல. பல மரங்களின் இலைகள் பல மாதங்களில் உதிரும் காட்டில் சருகு வற்றுவதில்லை. தேக்கு கோடையை ஒட்டி மொத்தமாகக் கொட்டிவிடும். அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் பார்க்கக் கூடாது என்கிறேன். எரிந்த தரைக்கு முதலில் திரும்புபவை ஓநாய்ச் சிலந்தி போன்றவைதான். அவற்றின் குஞ்சுகள் நூல் விட்டுக் காற்றில் மிதந்து வந்துவிடும். பொந்து தோண்டி ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வாழும் பெரிய சிலந்திகள் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை. கணக்கெடுக்கும் முறையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மண்ணில் குவளையைப் புதைத்து, அதில் விழுபவற்றை எண்ணுவதுதான் வழக்கம். வெறுந்தரையில் சிலந்தி தடையின்றி ஓடும், அதிகம் விழும். ஆழ்ந்த சருகில் மெல்ல நகரும், குறைவாக விழும். ஆகவே கூட்டிச் சுத்தமாக வைத்த தோப்பு, குவளைக் கணக்கில் வளமானதாகக்கூடத் தோன்றலாம். எத்தனை விழுந்தன என்பதைவிட, எந்தெந்தக் குடும்பங்கள் விழுந்தன என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இதனால் தோப்புக்காரருக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு மிகைப்படுத்தாமல் பதில் சொல்ல வேண்டும். உலகச் சிலந்திகள் ஆண்டுக்கு 40 முதல் 80 கோடி டன் இரையைத் தின்கின்றன என்று 2017இல் வெளிவந்த மதிப்பீடு பரவலாகப் பேசப்பட்டது. அதைக் காட்டி, தேக்கு இலையைத் தின்னும் ஹிப்லியா புழுவைச் சிலந்திகளே ஒழித்துவிடும் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். முன்மழையில் தேக்கு துளிர்க்கும்போது அந்தப் புழு படையெடுத்து வரும் வேகத்துக்கு எந்தச் சிலந்தியும் ஈடுகொடுக்க முடியாது. நிலம்பூரில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இளந்தேக்கில் நடத்திய ஆய்வில், புழுத் தாக்குதலால் மரத்தின் கன அளவு வளர்ச்சியில் 44 சதவீதம் பறிபோவது தெரியவந்தது. ஆனால் அந்தப் புழு வளர்ந்ததும் நூலில் தொங்கி இறங்கிக் கூட்டுப்புழுவாவது பெரும்பாலும் சருகுக்குள்தான். அந்த இறக்கத்தில் அது சந்திக்கும் எதிரிகளில் சிலந்தியும் ஒன்று, அவ்வளவே. ‘சருகு கிடந்தால் புழுவுக்கும் இடம் கொடுத்ததாகுமே’ என்று கேட்பவருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: வெறுந்தரையாக்கினால் புழு வேறு மறைவு தேடும், மழையில் தரை நனைந்தால் கீழே வளரும் செடிகளின் இலையை மடித்து உள்ளே போய்விடுவது அதற்குத் தெரிந்த வித்தைதான். சருகின் பெரிய பயன் வேறிடத்தில் இருக்கிறது. தேக்கிலையில் சேர்ந்து சொட்டும் மழைத்துளி, வானத்திலிருந்து விழும் துளியைவிடப் பெரிது. சருகு மூடாத தரையில் அது மண்ணைக் குத்திக் கிளப்பிவிடும். சிலந்திக்குக் கூரையாக இருப்பதுதான் மண்ணுக்கும் கூரை.

கடினமான எதிர்ப்பு நெருப்பு. பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த தேக்குச் சருகு ஒரு பீடித் துண்டுக்குக் காத்திருக்கும் எரிபொருள். அதை அப்படியே விட்டுவிடு என்று ஊரிலிருந்து எழுதுவது எளிது. வனத்துறை தீத்தடுப்புக் கோடுகளை ஆண்டுதோறும் கூட்டி எரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஆனால் கோடு வேறு, கோட்டுக்குள் இருக்கும் தோப்பு வேறு. கோடுகளைச் சுத்தமாக வைத்தால் உள்ளே இருக்கும் சருகை எரிக்காமல் விட்டுவைக்க வழி கிடைக்கும். அடுப்புக்கும் எருவுக்கும் சருகு அள்ளுபவர்களின் கணக்கும் உண்டு. கடலோரச் சவுக்குத் தோப்புகளில் தரை துடைத்ததுபோல இருப்பது அதனால்தான். அங்கே தடை போட்டால் இழப்பது ஏழைக் குடும்பம்.

டெல்டாவில் வாய்க்கால் கரையிலும் பட்டா நிலத்திலும் தேக்கு வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. வீட்டையும் பாதையையும் ஒட்டிய பகுதியைக் கூட்டிவிட்டு, மற்ற இடத்தில் இந்த ஆண்டு ஒரு வரிசை, அடுத்த ஆண்டு மறு வரிசை என்று மாற்றி மாற்றி அள்ளலாம். கூட்டிய வரிசைக்குச் சிலந்தி பக்கத்து வரிசையிலிருந்து சில மீட்டர் நடந்தாலே போதும். பாம்பு பயம் இருப்பவர்கள் நடைபாதையை மட்டும் அகலமாக வைத்துக்கொள்ளலாம். பொந்துச் சிலந்திக்கு மட்டும் இந்த ஏற்பாடு போதாது. அதற்கு உழாத, கிளறாத மண் வேண்டும். தோப்பின் ஒரு மூலையையாவது மண்வெட்டி படாமல் விட வேண்டியிருக்கும்.