பலாமரத்துக்கு வயதானால் நாதம் கூடுமா?

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லித்தருகிறேன். சேர்க்க வரும் பெற்றோர் பலர் கேட்பது, "தஞ்சாவூர்ல பழைய ஏகாந்த வீணை கிடைக்குமா, மேடம்?" குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்தது, அதுவும் தாத்தா காலத்துது என்றால்தான் நாதம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

இந்த நம்பிக்கையை வயலினில் சோதித்திருக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில், ஆய்வாளர்கள் கிளாடியா ஃபிரிட்ஸும் ஜோசப் கர்ட்டினும் 21 வயலின் கலைஞர்களிடம் ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதியவை, மூன்று புகழ்பெற்ற பழையவை: இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. பழைய வார்னிஷ் வாசனை காட்டிக்கொடுக்காதபடி அத்தர். அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புது வயலின். கடைசியில் நின்றது ஒரு ஸ்ட்ராடிவாரி! தமக்குப் பிடித்தது பழையதா புதியதா என்று 17 பேரிடம் கேட்டதில், சரியாகச் சொன்னவர்கள் 3 பேர்.

அப்படியானால் நாம் கேட்ட பழைய வீணைகள் ஏன் அவ்வளவு நன்றாக இருந்தன? நாதமில்லாதவை அந்தக் காலத்திலேயே பரணுக்குப் போய்விட்டன. நல்லவற்றைத்தான் பேணி வைத்தார்கள்.

என் மாணவி ஒருத்தி பாட்டியின் வீணையைக் கொண்டுவந்தாள். அருமையான மரம், ஆனால் தந்தியை மீட்டினால் ஒலி சொத்தென்று விழுந்தது. மெழுகு இளகி மெட்டுகள் இறங்கியிருந்தன. குதிரையின் உலோகத் தகட்டில் தந்தி அறுத்த பள்ளம். தகட்டை ராவி, புது மெழுகில் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டியதும் வீணை பேசியது. மரம் அதே மரம்தான்.

அந்தத் தகட்டின் மெல்லிய வளைவில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. சாதாரணத் தந்தியில், மீட்டும் இடத்தில் அசையாமல் நிற்கக்கூடிய மேல்சுரங்கள் எழக்கூடாது. வீணையிலும் தம்புராவிலும் அவை கணீரென்று எழுகின்றன என்றும், வளைந்த குதிரையே காரணம் என்றும் 1921இல் சி.வி. ராமன் எழுதினார்.

மரம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாக உலராத பலா பின்னால் வெடிக்கும். உலர்ந்ததா என்று கேட்டு, புதிதாகவே வாங்குங்கள். பிறகு மேளம் கட்டித்தர ஆள் உண்டா என்றும் வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். முதல் தந்தியான சாரணியை 24 மெட்டிலும் ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டுங்கள். எந்த மெட்டிலாவது இரைந்தால், சரிசெய்த பிறகு பணம் கொடுங்கள்.