குழந்தை இல்லையா? கணவனும் மனைவியும் சேர்ந்தே சோதனைக்குப் போங்கள்



கலியாணம் முடிந்து இரண்டு வருஷம் போனால் லயத்திலே பேச்சுத் தொடங்கிவிடும். "அந்தப் புள்ள இன்னும் முழுகாம இருக்கலியா?" என்று பீலிக்கரையிலே கேட்பார்கள். மாமியார் மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று யோசிப்பார். நான் பிறந்த அக்கரைப்பற்றிலே வழக்கம் வேறு. அங்கே வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படியிருந்தும் "மலடி" என்ற சொல் அங்கேயும் பெண்ணின் மேலேயே விழக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் காரணம் இருவரில் யாரிடமும் இருக்கலாம். ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணின் பக்கமும் காரணம் உண்டு. சிலருக்கு இருவரிடமும் இருக்கும். எவ்வளவு தேடியும் காரணம் தெரியாதவர்களும் உண்டு. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு காலத்தில் இந்தக் கஷ்டத்தைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

எப்போது போக வேண்டும்?

கருத்தடை எதுவும் இல்லாமல் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் போகலாம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள் காத்திருக்க வேண்டாம். டெப்போ ஊசி போட்டவர்கள் பயப்படத் தேவையில்லை. அது மலடாக்காது. ஆனால் கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்கப் பத்து மாதம் வரையோ இன்னும் கூடவோ செல்லலாம்.

முதலில் குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ, அரசாங்க வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கோ வழிகாட்டுவார்.

ஆணுக்கு என்ன சோதனை?

விந்துச் சோதனை. ஊசியும் இல்லை, வெட்டும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்து, சுத்தமான போத்தலில் எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். உயிரணுக்களின் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஒரு முறை குறைந்து வந்தால் அதோடு முடிவு கட்டமாட்டார்கள், மறுபடியும் பார்ப்பார்கள்.

"எனக்கு என்னாங்க கொறை? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று பல ஆண்கள் சொல்வார்கள். ஆண்மை வேறு, உயிரணு எண்ணிக்கை வேறு. நல்ல பலசாலிக்கும் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். வளர்ந்த பிறகு கூவைக்கட்டு வந்து விரை வீங்கியிருந்தால், விரையில் நரம்பு புடைத்திருந்தால், அதிகமாகக் குடித்தால், புகைத்தால் குறையலாம். ஒரு உயிரணு உருவாகிப் பக்குவப்பட இரண்டரை மாதம் அளவில் செல்லும். ஆகவே குடியையும் புகையையும் விட்டு மூன்று மாதம் பொறுத்துத்தான் பலன் தெரியும்.

செய்யும் வேலையையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மண்ணிலுள்ள புழுவைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தைத் தயாரித்த தொழிற்சாலையில், தங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்பதைத் தொழிலாளர்களே ஒருவரோடொருவர் பேசிக் கண்டுபிடித்தார்கள். சோதித்தபோது பலருக்கு உயிரணு மிகக் குறைவு. சிலருக்கு அறவே இல்லை. எல்லா மருந்தும் இப்படிச் செய்யும் என்று அர்த்தமல்ல. ஆனாலும் மருந்தடிக்கிறவர்கள் கையுறை, முகமூடி போட வேண்டும். வேலை முடிந்ததும் குளித்து உடுப்பு மாற்ற வேண்டும்.

பெண்ணுக்கு என்ன சோதனை?

மாதாமாதம் முட்டை வெளியாகிறதா என்று இரத்தத்திலும் ஸ்கேனிலும் பார்ப்பார்கள். 28 நாளுக்கு ஒரு முறை மாதவிடாய் வருபவருக்கு 14ஆம் நாள் அளவில் முட்டை வெளியாகும். அது ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். உயிரணு ஐந்து நாள் வரை இருக்கும். ஆகவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும் கரு தங்கக்கூடிய நாட்கள். கங்காணியார் வேலைநாள் குறிப்பது போல, மாதவிடாய் வந்த திகதிகளைக் கலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள். தைரொயிட் சோதனையும் தேவைப்படலாம்.

அடுத்தது கருக்குழாய். நோய்க்கிருமி தொற்றினாலோ, சுத்தமில்லாத முறையில் கருவைக் கலைத்தாலோ, காசநோய் வந்தாலோ அது அடைபடலாம். கருப்பைக்குள் ஒரு திரவத்தைச் செலுத்தி எக்ஸ்ரே பிடித்தால் அடைப்புத் தெரியும். கொஞ்ச நேரம் வயிறு வலிக்கும். அதற்குப் பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். கோவிலுக்கு நேர்த்தி வையுங்கள், பள்ளியிலே துஆக் கேளுங்கள்; அது உங்கள் நம்பிக்கை. ஆனால் தாயத்துக்கும் மந்திரத்துக்கும் அட்வான்ஸ் பணத்தைக் கொட்டி வருஷங்களை வீணாக்காதீர்கள். வயது ஏற ஏறக் கரு தங்கும் வாய்ப்புக் குறையும். பெண்ணை மட்டும் கிளினிக் கிளினிக்காக அலையவிட்டு, பிறகு ஆணிடம் காரணத்தைக் கண்டால் போன காலம் திரும்பி வராது.

அடுத்த கிளினிக் நாளிலே அரை நாள் லீவு எடுத்து மனைவியோடு நீங்களும் போங்கள், தம்பிமாரே. வரிசையிலே அவள் பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்திருந்தால், லயத்துப் பேச்சிலே பாதி அன்றைக்கே அடங்கிவிடும்.