பதக்கம் வந்தது, பள்ளிக்குப் பயிற்றுநர் வருவாரா?

புது தில்லி: லண்டன் ஒலிம்பிக்கில் 2012-இல் சாய்னா நெவால் வெண்கலம் வென்றார். ரியோவில் 2016-இல் பி.வி. சிந்து வெள்ளி வென்றார். 2022-இல் தாமஸ் கோப்பையும் இந்தியாவின் வசமானது. ஆயினும், 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவருக்கு பாட்மிண்டன் மட்டையைப் பிடிக்கக் கற்றுத்தர ஆள் உண்டா என்பது, அப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பொருத்தே அமைகிறது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) தனது அட்டவணையில், நூறு பேருக்கு மேல் சேர்க்கை இருந்தால்தான் இவ்வகுப்புகளுக்கு உடற்கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அவரும் பகுதிநேரப் பயிற்றுநர்தான். மலைக் கிராமத்துச் சிறு பள்ளிக்கு அவரும் இல்லை. விளையாட்டுக் கருவிகளோ "தேவைக்கேற்ப" வழங்கப்பட வேண்டுமாம். எத்தனை என்பதற்குக் கணக்கில்லை.

சமக்ர சிக்ஷா திட்டத்தில் உயர் தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுக் கருவிகளுக்கென ஆண்டுக்கு ரூ. 10,000 வரை கிடைக்கும். கால்பந்து, கைப்பந்து, வலை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். புதிதாகப் பழகுவோர் கையில் இறகுப் பந்து விரைவில் சிதைந்துவிடும். நைலான் பந்துதான் கட்டுப்படியாகும்.

13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் உள்ள முழு ஆடுகளம் இருந்தும் பயனில்லை. நால்வர் ஆட, மற்ற 36 பேர் வேடிக்கை பார்ப்பது பாடமாகாது. உலக பாட்மிண்டன் கூட்டமைப்பு பள்ளிகளுக்கென வகுத்த 'ஷட்டில் டைம்' திட்டத்தில் 22 பாடங்கள் உள்ளன. மட்டையைப் பிடிக்கும் முறையும் வலையருகே மெல்லத் தட்டுவதும் அதில் தொடக்கப் பாடங்கள். எறிந்து பழகுவதும் ஓங்கி அடிப்பதும் பின்னரே. தொடக்கப் பாடங்களுக்கு இரு மரங்களுக்கு இடையே கட்டிய கயிறே போதும். காற்று அடங்கிய காலை வேளையும் வேண்டும். அந்த வேளையை கணக்கு ஆசிரியர் கடன் வாங்காதிருக்க வேண்டும்! இவற்றையெல்லாம் நடத்திக் காட்ட, பயிற்சி பெற்ற ஒருவர் தேவை.

மாநிலங்களவையில் 2017 டிசம்பர் 21-ஆம் தேதி, அப்போதைய நியமன உறுப்பினர் சச்சின் டெண்டுல்கர், விளையாடும் உரிமை குறித்துப் பேச எழுந்தார். எதிர்க்கட்சியினரின் அமளியில் அவரால் பேச இயலவில்லை. மறுநாள் அவ்வுரையை இணையத்தில் காணொலியாக வெளியிட்டார். அவைக் குறிப்பில் அது ஏறவில்லை.

கல்வி பொதுப் பட்டியலிலும் விளையாட்டு மாநிலப் பட்டியலிலும் இருப்பதால், மத்திய, மாநில அரசுகள் பொறுப்பை ஒன்றன் மீது ஒன்று சுமத்துவது எளிது. ஆனால், நூறு என்ற வரம்பை நீக்க மசோதா தேவையில்லை. அட்டவணையில் விதிமுறைகளைச் சேர்க்கவும் நீக்கவும் சட்டத்தின் 20-ஆவது பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஓர் அறிவிக்கையே போதும்.