முந்திய தாடையும் முந்த வேண்டிய வைத்தியமும்

பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கிற பருவத்தில், குழந்தையின் கீழ்வரிசை முன்பற்கள் மேல்வரிசைக்கு முன்னால் வந்து நிற்பதைக் கண்டு தாய் கவலையோடு பேச்செடுத்தால், "அவன் தாத்தாவுக்கும் இதே தாடைதானே, வளர வளரச் சரியாகப் போய்விடும்" என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்தும் பெரியவர்கள் அநேகமாக எல்லா வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் முற்பாதி பெரும்பாலும் உண்மை. பிற்பாதி பெரும்பாலும் தவறு. கீழ்த்தாடை முந்தி நிற்கும் குறை பரம்பரையாக வருவது மெய். ஆனால் முகத்திலுள்ள எலும்புகளில் கடைசிவரை வளர்ந்துகொண்டிருப்பது கீழ்த்தாடையே என்பதால், எலும்பிலே தோன்றிய இக்குறை வயது ஏற ஏறக் குறைவதற்குப் பதிலாக மிகுதியாகி, பதினாறு பதினேழு வயதில் கண்ணாடி முன் நிற்கும் பிள்ளையின் மனத்தில் ஒரு பெரும் பாரமாகவே அமைந்துவிடுகிறது.

இயற்கையான அமைப்பில், சம்புடத்தின் மேல் அதன் மூடி பொருந்துவதுபோல, மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையைச் சற்றே வெளிப்புறமாகத் தழுவி நிற்கவேண்டும். அமெரிக்காவில் பல்சீரமைப்பை ஒரு தனிச் சாஸ்திரமாக நிலைநாட்டிய எட்வர்டு ஆங்கிள், 1899ஆம் ஆண்டில், முதல் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை ஆதாரமாகக் கொண்டு பல்வரிசைக் கோளாறுகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். கீழ்க்கடைவாய்ப்பல் தனக்குரிய இடத்தைத் தாண்டி முன்னே நிற்பது அவற்றுள் மூன்றாம் வகுப்பு. உலகெங்குமுள்ள பல் வைத்தியர்கள் இன்றும் நோயாளியின் சீட்டில் அந்தப் பெயரையே எழுதுகிறார்கள். இக்குறை உள்ளவர்கள் முன்பற்களால் எதையும் சீராகக் கடித்துத் துண்டாக்க முடியாமல் கஷ்டப்படுவதுண்டு. சிலருக்கு 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகள் தெளிவாக வருவதில்லை. பல் பல்லின்மேல் தவறான கோணத்தில் மோதுவதால் விளிம்புகள் தேய்வதும், கீழ் முன்பற்களின் ஈறு கீழிறங்கி வேர் தெரியத் தொடங்குவதும் நேரலாம். ஆகவே இதை வெறும் அழகு சம்பந்தமான விஷயமென்று தள்ளிவிடுவது நியாயமன்று.

கீழ்த்தாடை முந்தியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தவுடன், குற்றம் முழுவதும் கீழ்த்தாடையுடையதே என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் இக்குறை மூன்று விதமாக ஏற்படக்கூடும். கீழ்த்தாடை அளவுக்கு மிஞ்சி வளர்ந்திருக்கலாம். மேல்தாடை போதிய வளர்ச்சியின்றிப் பின்தங்கியிருக்கலாம். இரண்டும் ஒருங்கே சேர்ந்தும் இருக்கலாம். கன்னத்தின் மேற்பகுதி சப்பையாகவும், மேலுதடு உள்வாங்கியும் இருக்கிற முகங்களில் பின்தங்கிய மேல்தாடைக்கே பெரும் பங்கு உண்டு. பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்து, அதைத் தைத்துச் சரிசெய்துகொண்ட குழந்தைகளிடமும் மேல்தாடையின் வளர்ச்சி குன்றி இந்நிலை உண்டாவதைக் காணலாம். சிகிச்சை எந்தத் தாடையைக் குறித்தது என்பதை இந்த வித்தியாசமே நிர்ணயிக்கிறதாகையால், இதைப் பெற்றோர் மனத்தில் இருத்திக்கொள்வது மிகவும் அவசியம்.

பரம்பரையின் வலிமைக்கு ஐரோப்பிய சரித்திரத்தில் பிரசித்தமான ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்பெயினையும் ஆஸ்திரியாவையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தினர், ராஜ்யம் கைவிட்டுப் போகாதிருக்கும் பொருட்டுத் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் செய்துகொண்டார்கள். டிஷியன் தீட்டிய ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் படங்களில் தாடிக்குள்ளிருந்தும் புலப்படுகிற முந்திய தாடை, தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் மகனாகப் பிறந்த இரண்டாம் சார்லஸிடம் மிகுந்த கோரத்தை அடைந்திருந்தது. அவ்வரசர் உணவை மெல்லவே சிரமப்பட்டார். சந்ததியின்றி 1700இல் இறந்தார். ஸ்பெயினில் அவ்வம்சத்தின் ஆட்சியும் அவரோடு முடிந்தது. அவ்வம்சத்தாரில் 15 பேருடைய 66 உருவப்படங்களை முகத்தாடை ரணசிகிச்சை நிபுணர்கள் 10 பேரிடம் காட்டி, ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2019இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இரத்த உறவு நெருங்க நெருங்கத் தாடையின் முந்தலும் மிகுந்திருந்தது என்பது அதன் சாரம். அதே முகங்களில் மேல்தாடைக் குறைவின் அறிகுறிகளையும் அந்த நிபுணர்கள் கண்டார்கள் என்பது நம் விஷயத்துக்கு இன்னும் முக்கியமானது. உலகமெல்லாம் கீழ்த்தாடையின் பெயரால் வழங்கிவந்த அந்த முகத்திலும் மேல்தாடைக்குப் பங்கிருந்தது.

எல்லாக் குழந்தைகளிடமும் எலும்பே காரணமென்று சொல்வதற்கில்லை. மேல் முன்பல் ஒன்று உட்புறமாகச் சாய்ந்து முளைத்துவிட்டால், வாயை மூடும்போது அதன்மேல் இடித்துக்கொள்ளாமலிருக்கக் குழந்தை தானாகவே தாடையை முன்னுக்குத் தள்ளிக் கடிக்கப் பழகிவிடும். வைத்தியர் தாடையைத் தளர்த்திப் பின்னோக்கி மெதுவாக மூடச் செய்யும்போது மேலும் கீழும் முன்பற்கள் விளிம்போடு விளிம்பு தொடுமானால், இது பொய்த்தோற்றமான குறை என்று அறியலாம். ஸ்பிரிங் பொருத்திய, கழற்றி மாட்டக்கூடிய ஒரு தகட்டினாலோ, நான்கு முன்பற்களில் மட்டும் ஒட்டும் கம்பியினாலோ சில மாதங்களில் இது தீர்ந்துவிடும். பக்கவாட்டில் எடுக்கும் தலையின் எக்ஸ்ரே படம் உண்மைக் குறையையும் பொய்க் குறையையும் பிரித்துக் காட்ட உதவுகிறது. 1931இல் பிராட்பென்ட் என்ற அமெரிக்கர் வகுத்த முறைப்படி எடுக்கும் அந்தப் படத்தில், எந்த எலும்பு எவ்வளவு முந்தியும் பிந்தியும் இருக்கிறது என்பதைக் கோடும் கோணமும் கொண்டு அளக்கிறார்கள். அதே படத்தில் தெரியும் கழுத்தெலும்புகளின் வடிவைக் கொண்டு, இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கியிருக்கிறது என்பதையும் ஒருவாறு கணிக்கிறார்கள்.

இனி உண்மையான எலும்புக் குறைக்கு வருவோம். மேல்தாடை தனியாக நிற்கும் எலும்பன்று. சுற்றியுள்ள முகவெலும்புகளோடு பல பொருத்துகளால் அது இணைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பொருத்துகள் பாலியத்தில் இளகிய நிலையில் இருக்கின்றன. இடையறாத மிதமான இழுவிசை கிடைத்தால் அங்கே புது எலும்பு உண்டாகி மேல்தாடை முன்னோக்கி நகர்ந்து கொடுக்கிறது. இந்தச் சுபாவத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் கருவியே ஃபேஸ் மாஸ்க் என்பது. பிரான்ஸில் நாந்த் நகரத்து வைத்தியர் ழான் டெலேர் இதைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். நெற்றியிலும் மோவாயிலும் மெத்தென்ற பட்டைகள் தாங்க, அவற்றை இணைக்கும் கம்பியிலிருந்து வாய்க்குள் மேல்பற்களில் ஒட்டிய சட்டத்துக்கு ரப்பர் வளையங்களை மாட்டி, பக்கத்துக்குச் சுமார் 400 கிராம் விசையோடு முன்னும் சற்றுக் கீழுமாக இழுக்கச் செய்வார்கள். அண்ணம் குறுகலாக இருந்தால் அதை அகலப்படுத்தும் திருகும் அச்சட்டத்தில் இருக்கும். வைத்தியர் சொன்ன கணக்குப்படி தாயோ தந்தையோ அதைச் சாவியால் திருப்பிவிட வேண்டும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் அணிவது வழக்கமாகையால், பள்ளிக்கு அணிந்துபோக வேண்டியதில்லை. மாலையில் வீடு திரும்பியதும் மாட்டிக்கொண்டு அதனோடேயே உறங்கி எழுந்தால் போதும். ஏறக்குறைய ஓராண்டில் முன்பற்கள் முறைப்படி மாறி நிற்பதைப் பெரும்பாலான குழந்தைகளிடம் காணலாம். ஏழு வயது முதல் பத்து வயது வரை இதற்கு உத்தமமான காலம். பிறகு அப்பொருத்துகள் படிப்படியாக இறுகிவிடுவதால், இழுக்கும் விசை எலும்பை விட்டுப் பற்களையே முன்தள்ளத் தொடங்கிவிடும்.

இந்தச் சிகிச்சையின் பலன் நிலைக்குமா என்று கேட்பவர்களுக்கு, பிரிட்டனில் எட்டு மருத்துவமனைகளில் நடந்த பரிசோதனை தக்க விடை தருகிறது. பத்து வயதுக்கு உட்பட்ட 73 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஃபேஸ் மாஸ்க் கொடுத்து, மற்றதற்குக் கொடாமல் விட்டு, ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவில், எதிர்காலத்தில் தாடையில் ரணசிகிச்சை தேவைப்படும் என்று நிபுணர்கள் கருதியவர்கள், சிகிச்சை பெறாத பிரிவில் நூற்றுக்கு 66 பேர். பெற்ற பிரிவில் 36 பேர். பூரண நிவாரணம் என்று இதைச் சொல்ல முடியாது. சிகிச்சை பெற்றும் மூவரில் ஒருவருக்குக் கத்தி அவசியமாகலாம் என்பதைப் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆயினும் ஓராண்டு மாலைப்பொழுதுகளின் சிரமத்தால் அத்தனை குழந்தைகள் பெரிய சிகிச்சையிலிருந்து தப்பக்கூடும் என்றால், அந்த வாய்ப்பை அலட்சியத்தால் இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

கீழ்த்தாடையின் வளர்ச்சியைத் தடுப்பதோ இவ்வளவு எளிதன்று. மோவாயில் கிண்ணம்போன்ற ஒரு கருவியைப் பொருத்திப் பின்னோக்கி இழுக்கும் முறை ஜப்பானில் வெகுகாலம் கையாளப்பட்டது. ஆரம்பத்தில் தெரிந்த நன்மை, வளர்ச்சி முடிவதற்குள் பெரும்பாலும் கரைந்துபோவதை நீண்டகால ஆராய்ச்சி காட்டிற்று. பின்தங்கியதை முன்னே அழைத்துவரலாம், முந்தியதைப் பின்னே பிடித்து நிறுத்துவது கடினம் என்பதே இதுவரை கிடைத்த அனுபவம்.

வளர்ச்சி முடிந்தபின் வருபவர்களுக்கு வழியே இல்லையென்று அதைரியப்பட வேண்டாம். குறை சிறிதாக இருந்தால், பற்களுக்குக் கிளிப் போட்டு, மேல் கடைவாய்ப்பல்லிலிருந்து கீழ்க் கோரைப்பல்லுக்கு ரப்பர் வளையங்களை மாட்டி, மேல்வரிசையை முன்னும் கீழ்வரிசையைப் பின்னுமாக நகர்த்தி, தாடைகளின் பேதத்தைப் பற்களின் சாய்வினால் மறைத்துவிடலாம். இடம் போதாவிட்டால் கீழ் முன்கடைவாய்ப்பற்களில் இரண்டை எடுப்பதும் உண்டு. பல் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதமே நகருமாகையால், ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் பொறுமை வேண்டும். இதில் பற்கள் சீராகுமேயன்றி மோவாய் பின்செல்லாது. அதையும் எதிர்பார்த்து வந்தவர் ஏமாற்றமடையாதபடி வைத்தியர் முதலிலேயே விளக்கிவிடுவது தர்மம்.

குறை பெரிதாயின் ரணசிகிச்சையே கதி. கீழ்த்தாடையின் பின்பகுதியை இருபுறமும் நெடுக்காகப் பிளந்து, பல்வரிசை தாங்கிய முன்பகுதியைப் பின்னுக்கு வழுக்கி நிறுத்தும் உபாயத்தை 1950களில் ஹூகோ ஓப்வேகேசர் வகுத்தார். மேல்தாடையை முன்கொணரும் வெட்டுக்கோடோ, முகவெலும்பு முறிவுகளை ஆராய்ந்து 1901இல் வெளியிட்ட பிரெஞ்சு வைத்தியர் ரெனே லெஃபோர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவையனைத்தும் பெரும்பாலும் வாயின் உட்புறமாகவே செய்யப்படுவதால் முகத்தில் தழும்பு விழுவதில்லை. சிறிய டைட்டானியம் தகடுகளும் திருகுகளும் எலும்பைப் புது இடத்தில் நிறுத்துகின்றன. ஆனால் இதற்கு முன்பாகவே சுமார் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு கிளிப் அணியவேண்டும். இத்தனை காலமும் குறையை ஈடுகட்டச் சாய்ந்திருந்த பற்களை நேராக நிமிர்த்தும்போது, தாடையின் முந்தல் முன்னிலும் அதிகமாகவே தெரியும். இதை அறியாமல் பாதியில் மனமுடைந்து விட்டுவிடுபவர்களை நினைத்து நான் வருந்துகிறேன். அது சிகிச்சையின் ஓர் அங்கமேயன்றிப் பிழையன்று. பிறகு சில வாரங்கள் கஞ்சியும் பழச்சாறும் கூழுமாக உண்ண வேண்டும். கீழுதட்டிலும் மோவாயிலும் உணர்ச்சி மங்கியிருப்பது பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல நீங்கும். சிலருக்கு ஓரளவு நிலைத்தும் விடலாம். எலும்பின் வளர்ச்சி நின்றுவிட்டதென்று நிச்சயப்படுத்திக்கொண்ட பின்னரே, அதாவது பெண்களுக்குப் பதினாறு பதினேழு வயதுக்குமேலும் ஆண்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் கழித்தும், இதில் இறங்குவார்கள்.

இவ்வளவையும் கேட்டு, நன்றாக உண்டு, தெளிவாகப் பேசி, தன் முகத்தோடு நிம்மதியாக வாழ்கிறவர் எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்வாரானால், அவரை யாரும் வற்புறுத்தலாகாது. கல்யாணப் பேச்சைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை அவள் விருப்பமின்றி ரணசிகிச்சைக்கு உட்படுத்துவது பெருந்தீங்கு என்பது என் அபிப்பிராயம். மறுபுறம், நாக்கை அண்ணத்தில் அழுத்திக்கொண்டிருந்தாலே தாடை திரும்பிவிடும் என்று இப்போது பரவியிருக்கும் போதனைக்கு ஆதாரம் இல்லை. சாதாரண ரப்பர் வளையத்தைத் தானே பற்களில் மாட்டிக்கொள்வதோ ஆபத்து. அது ஈறுக்குள் நழுவிப் பல்லையே பறிகொடுக்க வைத்துவிடும். வளர்ந்து முடிந்த ஒருவருக்கு நடுவயதில் தாடை புதிதாக முந்தத் தொடங்கி, மோதிரமும் செருப்பும் சிறிதாகிக்கொண்டு வருமானால், அது பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். அவர் முதலில் பொது வைத்தியரைக் காணவேண்டும்.

குழந்தைப் பருவத்தில் திருத்தியதையும் வளர்ச்சி முடியும்வரை ஆண்டுதோறும் காட்டி வரவேண்டும். கிளிப் கழற்றிய பின், பற்களைப் புது இடத்தில் நிலைநிறுத்தும் ரிட்டெய்னர் என்ற கருவியை அணிவதை நிறுத்திவிட்டால் பற்கள் பழைய இடத்தை நாடிப் போய்விடும்.

ஆகையால் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது: உங்கள் குழந்தைக்கு ஏழு வயதாகும்போது, பற்களைக் கடித்து உதட்டை விரிக்கச் சொல்லி ஒருமுறை பாருங்கள். கீழ்ப்பற்கள் வெளியே நின்றால் பால்பற்கள் எல்லாம் விழட்டும் என்று காத்திராமல், பல்சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தனியார் வைத்தியத்துக்கு வசதியில்லாதவர்களுக்குச் சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது.